நிஜமான இங்கிலீஷ் டீச்சர்

ஈக்வடாருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சம்பளம் இல்லாம அம்புட்டுத் தூரம் போயி பாடம் நடத்தப் போறியா? ஏளா, ஒனக்கென்ன கோட்டியா?"

அவள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் குடும்பத் தொழில் கப்பல்களுக்குச் சரக்குக் கொடுப்பது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்காரர்கள் கேட்கிற காய்கறி, அரிசி, கோழி, சோப்பு, கயிறு எல்லாவற்றையும் வாங்கிக் கட்டி ஏற்றிவிட வேண்டும். அப்பாவுக்கு முட்டுவலி வந்தபிறகு கடையை அக்காதான் நடத்தினாள். நான் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கடைக்கு வந்து பில் போடுவேன். நான் போய்விட்டால் அந்த வேலையும் அவள் தலையில்தான் விழும்.

எனக்கும் காரணம் இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் கேள்வி பதிலை அச்சுப் பிசகாமல் எழுதுவார்கள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பேச வைக்கலாம் என்று நான் ஆரம்பித்தால், போர்ஷன் முடியவில்லை என்று மேலேயிருந்து ஆள் வரும். நான் உண்மையிலேயே ஒரு டீச்சர்தானா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான், ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் உள்ள அரசுப் பள்ளிகளுக்குத் தன்னார்வ ஆசிரியர்களை அனுப்பும் ஓர் அமைப்பைப் பற்றி இணையத்தில் பார்த்தேன். தங்குவதற்கு ஒரு வீடு, சாப்பாடு, ஒரு கல்வியாண்டு வேலை. விண்ணப்பித்தேன். கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பா அதிகம் பேசவில்லை. "போயிட்டு வரட்டும். திரும்பி வரத்தானே போறா" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

என்னை அனுப்பிய ஊர் பசிபிக் கடலோரத்தில் ஒரு சிறிய துறைமுகம். சூரை மீனும் வாழைப்பழமும் ஏற்றிச் செல்லக் குளிர்பதனக் கப்பல்கள் வரும். காலையில் தெருவெல்லாம் சூரையும் வெங்காயமும் போட்டுக் கொதிக்கும் சூப்பின் வாசனை. அங்கே அதுதான் காலைச் சாப்பாடு. வெயிலும் உப்புக்காற்றும் எனக்குப் புதிதில்லை. மனிதர்களின் நிறம்கூட என் நிறம்தான். அதுவே தொல்லையாகவும் போனது. கடைக்காரர்கள் என்னைப் பக்கத்து ஊர்ப் பெண் என்று நினைத்து மடமடவென்று பேசுவார்கள். நான் முழித்தால், இவளுக்கு என்ன திமிர் என்பதுபோல் பார்ப்பார்கள். இந்தியா என்று சொன்னதும் "ஆ, இந்தூ!" என்பார்கள். என் மதத்தைக் கேட்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இந்தியர் எல்லோருக்குமே அங்கே அந்தப் பெயர்தான் என்று பிறகு தெரிந்தது.

பிள்ளைகள் என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்டதும் பாதி பயம் போயிற்று. மீதிப் பயம் பெற்றோர் கூட்டத்தில் திரும்பி வந்தது.

பள்ளிக்கூட முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமையாசிரியை என்னை அறிமுகப்படுத்தினார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு ஸ்பானிஷ் வாக்கியங்களைச் சொன்னேன். கைதட்டல் ஓய்வதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சந்தையில் மீன் விற்பவள். அவளுடைய மூத்த மகள் என் வகுப்பில் கடைசி ஆண்டு. அவள் வேகமாகப் பேசினாள். எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு தொடர்தான். அது திரும்பத் திரும்ப வந்தது: 'தே வெர்தாத்.'

தலைமையாசிரியை ஏதோ சமாதானம் சொல்லி அவளை உட்கார வைத்தார். நான் மேசைக்குக் கீழே போனை வைத்து அந்தச் சொல்லைத் தேடினேன். 'நிஜமான' என்று வந்தது. அவள் கேட்டது நிஜமான இங்கிலீஷ் டீச்சரை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வருவாள் என்று ஊரே எதிர்பார்த்திருக்கிறது. வந்தது நான்.

அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் மறுநாளே போன் செய்தார். நல்ல மனிதர். மலைப்பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளி இருப்பதாகவும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஓவியமும் சொல்லிக்கொடுத்தால் போதும், அங்கே யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்றும் சொன்னார்.

"வேண்டாம் சார். நான் இங்கேயே இருக்கிறேன்."

"கஷ்டமாக இருக்குமே."

"இருக்கட்டும்" என்றேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு மீன் சந்தைக்கு நடந்தேன்.

அந்த அம்மா ஒரு பெரிய சூரையை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கத்தியை நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த ஸ்பானிஷில் கேட்டேன்: "உங்கள் மகள் இங்கிலீஷை வைத்து என்ன செய்ய வேண்டும்?"

அவள் நிமிர்ந்தாள். இந்தமுறை எனக்குப் புரியும்படி கையை ஆட்டி மெதுவாகச் சொன்னாள். "வேலைக்குப் போகணும். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்ல. போன் எடுக்கணும், கப்பல்காரன் என்ன கேட்கிறான்னு புரியணும். என்னை மாதிரி மீன் வெட்டக் கூடாது."

"அந்தக் கப்பல்காரர்கள் எந்த ஊர்?"

"யாருக்குத் தெரியும்? பிலிப்பைன்ஸ், சீனா, ரஷ்யா… எங்கிருந்தோ வர்றாங்க."

"அப்படியென்றால் நான்தான் சரியான டீச்சர்."

அவள் சிரிக்கவில்லை. எவ்வளவு மீன் வேண்டும் என்று கேட்டாள்.

வீம்புக்காக நான் அதைச் சொல்லவில்லை. சிறு வயதில் எங்கள் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். கப்பல் சமையல்காரர்களும் அதிகாரிகளும் வந்து அப்பாவிடம் பேசுவது காதில் விழும். ஒருவர் பேசியதுபோல் இன்னொருவர் பேசமாட்டார். ஒருவருக்கும் அது தாய்மொழி கிடையாது. ஆனாலும் சரக்கு சரியாகப் போய்ச் சேரும். இந்தத் துறைமுகப் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த இங்கிலீஷ். அது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அங்கே காலை முதல் வகுப்பு நடக்கும்போது தூத்துக்குடியில் சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். அக்காவைக் கூப்பிட்டேன்.

"எக்கா, நீ கப்பல்லருந்து பேசுத மாதிரி எங்கிட்டப் படிக்கிற பிள்ளைககிட்ட ஆர்டர் சொல்லணும். அவங்க எழுதிக்கிடுவாங்க."

"வெளக்கு வைக்கிற நேரத்துல வியாபாரத்தைப் பாப்பனா, ஒன் நாடகத்துக்கு ஆடுவனா?"

"கொஞ்ச நேரந்தான்க்கா."

முதல் நாள் படுதோல்வி. அக்கா, துறைமுகத்தில் பேசிப் பழகிய வேகத்தில் வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் வகுப்பறையை நிறைத்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் ஒரு சொல்கூட எழுதவில்லை.

"ஏளா, இதுகளுக்கு ஒண்ணுமே வெளங்கலியே! என்னத்தைச் சொல்லிக்குடுத்த?" என்று அக்கா தமிழில் கத்தினாள். நல்லவேளை, அதுவும் அவர்களுக்கு விளங்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. புரியாதபோது 'திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவமானம் என்று நினைத்தார்கள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே. அந்த வாரம் முழுக்க நான் வேறு எதையும் நடத்தவில்லை. மறுபடி சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள், நான் சொன்னது சரியா என்ற மூன்றையும் ஒவ்வொருவரையும் நிற்க வைத்துச் சொல்லவைத்தேன். பள்ளியின் இங்கிலீஷ் ஆசிரியர் பின்பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். இலக்கணம் கரைத்துக் குடித்தவர். "பேசத்தான் எனக்கும் பயம்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவரையும் எழுப்பிச் சொல்லவைத்தேன்.

அதன்பிறகு ஒருநாள் வீடியோவில் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் நின்றார். கப்பல் சமையல்காரர். காய்கறியைத் தானே பார்த்து வாங்கக் கடைக்கு வந்திருந்தார்.

"இவரு சும்மாதான் நிக்காரு. பேசச் சொல்லட்டா?" என்றாள் அக்கா.

அவர் கையில் ஒரு வெங்காயத்தை எடுத்துக் காட்டினார். இங்கிலீஷில் ஒருமுறை சொல்லிவிட்டு, விளையாட்டாகத் தன் மொழியில் "சிபூயாஸ்" என்றார்.

பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தங்களுக்குள் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு மீன்காரம்மாவின் மகள் எழுந்து நின்று கத்தினாள்: "செபோயாஸ்! மிஸ், அவர் செபோயாஸ் என்கிறார்!"

ஸ்பானிஷில் வெங்காயத்துக்கு அதுதான் சொல். ஸ்பெயின்காரர்கள் இரண்டு நாட்டையும் ஆண்டு விட்டுப்போன சொல். அந்த மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் தன் மொழியில் எண்களைச் சொன்னார், அதுவும் கிட்டத்தட்ட இவர்களுடைய எண்கள்தான். பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்கள். மேசையை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். "மேசை" என்றேன். அவர்கள் "மேசா" என்று சொல்லிக்கொண்டு மேசையைத் தட்டினார்கள். அது எங்கள் கடற்கரைக்குப் போர்ச்சுகீசியரோடு வந்த சொல் என்று சொன்னேன். பிறகு அதுவரை இங்கிலீஷில் தானாக ஒரு வாக்கியம்கூடப் பேசாத அந்த மகள் போனுக்கு அருகில் வந்து, அந்தச் சமையல்காரரிடம் இங்கிலீஷில் கேட்டாள், எத்தனை நாள் துறைமுகத்தில் இருப்பீர்கள் என்று. வாக்கியம் கோணலாகத்தான் இருந்தது. அவருடைய பதிலும் கோணல்தான். இருவருக்கும் புரிந்தது. நான் எதையும் திருத்தவில்லை.

மறுநாள் அக்காவே முந்திக்கொண்டு கூப்பிட்டாள். "நாளைக்கு ஒரு உக்ரைன் கப்பல்காரரு வாராரு. அவரு பேசுறது எனக்கே பாதி வெளங்காது. ஒம் பிள்ளைகளை ரெடியா இருக்கச் சொல்லு."

கல்வியாண்டின் பிற்பகுதியில் மீன்காரம்மாவின் மகள் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். எடுக்கவில்லை. தலைநகரில் தனியார் பள்ளியில் படித்த ஒரு பையனை எடுத்துக்கொண்டார்கள். அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேட்டின்மேல், தகரக் கூரை வீடு. அம்மா அடுப்பில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்போதே சொன்னேனே" என்றாள் என்னைப் பார்த்ததும்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "மிஸ், அவர்கள் என்னிடம் இங்கிலீஷில் பேசவே இல்லை. எந்தப் பள்ளி என்று கேட்டார்கள். சொன்னதும் போகச் சொல்லிவிட்டார்கள்."

"என்னையும் முதல் வாரம் அப்படித்தான் சொன்னார்கள்" என்றேன். "நிஜமான டீச்சர் இல்லையென்று. நான் போய்விட்டேனா?"

அம்மா திரும்பவில்லை. எண்ணெயில் வாழைக்காயைக் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தாள். மகள் அம்மாவின் முதுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மீன் குளிர்பதனக் கிடங்கில் ஆள் எடுக்கப் போகிறார்கள். நாளைக்கு வகுப்புக்கு வா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வரவில்லை. மறுபடியும் போனேன். அன்றைக்கும் வரவில்லை. அதற்கடுத்த நாள் நான் மேட்டில் ஏறும்போது அம்மாவும் மகளும் எதிரே இறங்கி வந்தார்கள். மகள் சீருடையில் இருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து என்னிடம் விட்டுவிட்டு, சந்தைப் பக்கம் நடந்தாள்.

கிடங்கில் அவளுக்கு வேலை கிடைத்தது. தேர்வு செய்தவர் ஒரு கப்பலுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டாராம். எதிர்முனையில் பேசியவர் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். திரும்பவும் கேட்டிருக்கிறாள். சரியாகக் குறித்துக் கொடுத்துவிட்டாள். "நான் பயப்படவே இல்லை மிஸ்" என்று சொன்னபோது அவள் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது அந்த அம்மா பள்ளிக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "சின்னவள் இன்னும் பள்ளியில்தான் இருக்கிறாள். அதற்குள் நீ எப்படிப் போவாய்?" என்று சண்டைக்கு நின்றாள். நான் ஏமாற்றிவிட்டதுபோல் அவளுக்கு அப்படி ஒரு கோபம். விசா முடிகிறது என்று சொன்னேன். பள்ளியின் இங்கிலீஷ் ஆசிரியர் இப்போது தினமும் என் அக்காவோடு பேசுகிறார், வகுப்பு நிற்காது என்றும் சொன்னேன். அவள் அந்த ஆசிரியரை மேலும் கீழும் பார்த்தாள். "பார்க்கலாம்" என்றாள். பிறகு என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். மீன் வாசனை என் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

இப்போது நான், தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டை என்று இருக்கிற சின்ன ஊரில், ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். திருநெல்வேலி சாலையில் பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். வேலைக்குச் சேரும்போதே, வாரம் ஒரு பீரியட் புத்தகத்தைத் திறக்காமல் பேச்சுக்கு மட்டும் வேண்டும் என்று கேட்டேன். மார்க் இல்லாத வகுப்பு எதற்கு என்றார் நிர்வாகத்தில் இருந்தவர். கொடுக்காவிட்டால் சேரமாட்டேன் என்றேன். யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகத் துடிக்கிற நேரம் அது. பரவாயில்லை, அதையே எடுத்துக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றே வேகமாக ஒரு கதை சொன்னேன். பாதிக் கதையில் நடு பெஞ்சிலிருந்து ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள். "மிஸ், ப்ளீஸ் ரிப்பீட்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் கையை இறக்கவில்லை. நான் கதையை முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.