சாகும் முன் அறுத்த கோழி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வெயில் ஏற ஏற இன்னும் சீக்கிரம் வரும். அன்றைக்கு இண்டூருக்குப் பக்கத்தில் ஏழாவது வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தியபோது மணி பன்னிரண்டரை. பின் சீட்டில் கட்டியிருந்த பெட்டிக்குள் ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. இன்னும் நான்கு வீடு பாக்கி.

என் வேலை இதுதான். கோழிகளோடு புழங்குகிற மனிதர்களுக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றுகிறதா, தொற்றினாலும் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறதா என்று ஆராய்கிற ஒரு குழுவில் நான் களப்பணியாளர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி போய் இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் இடையில் அந்த உடம்பு எந்தக் கிருமியோடு மல்லுக்கட்டியது என்று தெரியும். காய்ச்சல் இருக்கிற ஆள் நோய்வாய்ப்பட்ட கோழியையோ இறந்த கோழியையோ தொட்டிருந்தால், மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு மாதிரி எடுத்து அன்றே அனுப்ப வேண்டும். தொடவில்லை என்று பதிந்தால் அந்தப் பக்கமே திரையில் திறக்காது.

'நோய்வாய்ப்பட்ட' என்று ஆரம்பித்தால் ஆளாளுக்குக் கோழிப் புராணம் பாட ஆரம்பித்துவிடுவார்கள். போன ஆடியில் கழிச்சல் வந்தது, அதற்கு முந்தின வருசம் கண் வீங்கியது, வேப்பிலை அரைத்துக் கொடுத்தோம், கேட்கவில்லை என்று அரை மணி நேரம் போய்விடும். அதனால் நானே அந்தக் கேள்வியைச் சுருக்கி, செத்த கோழியைப் பற்றி மட்டும் கேட்டுவந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலை வேகமாக நடந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வீட்டுக்காரர் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவர். அவர் அப்போது வேலைக்குப் போயிருந்தார். மனைவிதான் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல் என்றாள். முகம் வாடியிருந்தாலும் சிரித்துக்கொண்டே பேசினாள்.

"செத்த கோழி எதையாச்சும் கையில தொட்டீங்களா?"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "செத்தத தொடுவாங்களா மேடம்? எங்கள பாத்தா அப்படியா தெரியுது?"

"மூக்குல குச்சி உட்டு எடுக்கணும்னா எடுத்துக்கலாமா?"

"கொரோனாவுல உட்டாங்களே, அதுவா? சாமி, அது மட்டும் வேணாங்க."

கோழியைத் தொடாதவளை வற்புறுத்த எனக்கும் காரணம் இல்லை. கோழியைத் தொட்டாரா என்ற இடத்தில் 'இல்லை' என்பதைத் தொட்டேன். திரை அடுத்த பக்கத்துக்குத் தாவியது. ரத்தம் மட்டும் எடுத்தேன். உள்ளே அடுப்பில் குழம்பு கொதிக்கும் வாசனை. தண்ணீர்த் தொட்டி ஓரம் ஈரமாக ஒட்டிக் கிடந்த வெள்ளை இறகுகளை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "கறிக்குழம்பு, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க மேடம்" என்றாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் அந்த இறகுகளைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன். நானும் இந்த மாவட்டத்தில் பிறந்தவள்தானே. எங்கள் வீட்டிலும் தானாகச் செத்த கோழியை யாரும் தொடமாட்டோம், குழியில் போட்டு மூடிவிடுவோம். கோழி இறகைத் தொங்கப் போட்டுச் சொக்கி நின்றால், அது சாவதற்குள் அறுத்துவிடுவோம். அறுத்துவிட்டால் அது கறி. அதைச் செத்த கோழிக் கணக்கில் எங்களில் யாரும் சேர்க்கமாட்டோம். அவள் பொய் சொல்லவில்லை. சுருக்கியது நான்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது ரத்தத்துக்காகப் போனேன். கதவைத் தாண்டியதும் சுவரில் அவள் படம், மாலையோடு. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் பெட்டியோடு வாசலருகிலேயே நின்றேன். வீட்டுக்காரர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் வந்துபோன மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆறாம் நாள் முடிந்துவிட்டது. நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

"அவளுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி பண்ணையில நாலு கோழி சொக்கி நின்னுச்சுங்க," என்றார். "எப்பவும் கொண்டாரதுதான். நாந்தான் வூட்டுக்குக் கொண்டாந்து அவகிட்ட குடுத்தேன். அவளே அறுத்து, அவளே கழுவினா. எங்க பொண்ணு, பாப்பாவும் கூட உக்காந்து இறகு புடுங்குச்சு. நான் அன்னைக்கு ராத்திரி ஷிப்ட்டுங்க, அறுத்த கறியத் தொடக்கூட இல்ல." சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "அதனாலதான் போய்ட்டாளா மேடம்? நீங்க எடுத்துட்டுப் போன ரத்தத்துல தெரியுங்களா?"

தெரியாது. காய்ச்சல் கண்டு இரண்டாம் நாள் எடுத்த ரத்தம். அதற்குள் உடம்பு எதையும் எதிர்த்துக் காட்டியிருக்காது. அன்றைக்குக் குச்சி விட்டு எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரியில் அதற்கான மாத்திரையை உடனே ஆரம்பித்திருப்பார்கள். அவள் பிழைத்திருப்பாள் என்று சொல்லமாட்டேன், ஆனால் பிழைத்திருக்கலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். "அந்த ரத்தத்துல சொல்ல முடியாதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து எங்கள் குழுவின் பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததா என்று விசாரிக்கச் சொன்னார். உள்ளே போய்க் கேட்டேன். வந்ததாம். இரண்டு நாள் படுத்திருந்து எழுந்துகொண்டாளாம். "அப்ப அந்தப் பாப்பாவோட ரத்தம் கிடைச்சா ஓரளவு சொல்லலாம். அப்பா சம்மதிச்சா மட்டும் எடுங்க," என்றார் டாக்டர்.

குழந்தைக்கு ஏழு வயது. பள்ளிக்கூடச் சீருடையில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அப்பாவுக்கு இந்தச் சோதனையை விளக்கினேன். பாப்பாவின் ரத்தத்தில் பறவைக் காய்ச்சலின் அடையாளம் இருந்தால், கோழியிலிருந்துதான் வந்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். உங்கள் பண்ணையில் வேலை செய்கிற மற்றவர்களையும் எச்சரிக்கலாம்.

அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பேனாவையும் வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டையும் என்னிடமே நீட்டினார்.

"வேணாங்க. இருக்குதுன்னு வந்துச்சுன்னா, நான் எப்படிங்க இவ மூஞ்சியில முழிப்பேன்? உங்கம்மாவ நாந்தான் கொன்னேன்னு சொல்றதா?"

நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். பேசிப் பேசி ஆட்களைச் சம்மதிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரி, அதற்காகத்தான் வேலையே கொடுத்தார்கள். "இது உங்க தப்பு இல்லீங்க, நான் கேள்வியை ஒழுங்கா கேக்கல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவர் மனசு மாறியிருக்கும். நான் சொல்லவில்லை. குழந்தையின் ரத்தத்தில் அது இருந்துவிட்டால், அவள் அம்மாவுக்கு ஏன் மாதிரி எடுக்கவில்லை என்று குழுவில் அடுத்ததாக என்னைத்தான் கேட்பார்கள். 'சம்மதம் இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டேன். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி முழுவதையும் அந்த மனிதரிடமே விட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பி அடுத்த வீட்டுக்குப் போனேன்.