நாக்கின் அடியில் மூன்று புண்கள்

அந்த முறை புண் நாக்கின் அடியில் வந்தது. கன்னத்தின் உட்புறத்திலோ உதட்டிலோ வந்திருந்தால் எப்படியோ பேசிச் சமாளித்திருப்பேன். அடிநாக்கில் மூன்று, மிளகு அளவில், வெள்ளை வெள்ளையாக. நாக்கைத் தூக்கினாலே கண்ணில் தண்ணீர் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருவண்ணாமலையில் தனியாக இருந்தேன். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. குடியிருந்தது செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில், மாடியில் ஒற்றை அறை. முப்பத்திரண்டு வயதில் கல்யாணமாகாமல் தனியாக இருக்கும் பெண்ணிடம் தெரு பேசாது. அவளைப் பற்றித்தான் பேசும். கீழ்வீட்டில் தனியாக இருந்த வீட்டுக்கார அம்மா மட்டும் என்னிடம் பேசுவார். காலை ஆறு மணிக்குக் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது, "இன்னிக்கி தண்ணி கம்மிம்மா" என்று ஆரம்பிப்பார். வெயில், கரண்ட் போனது, பௌர்ணமிக் கூட்டம், கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் போன வாரம் வந்துவிட்டுப் போனது என்று கால் மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான். அதற்காகவே தேவையில்லாமல் ஒரு குடம் அதிகமாகப் பிடிப்பேன்.

புண் வந்த மறுநாள் அவர் ஏதோ கேட்க, நான் உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினேன். வலிக்கிறது, பேச முடியவில்லை என்றுதான் சொல்ல வந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மௌனமாம்மா?"

எங்கள் தெருவில் அது சாதாரணக் கேள்வி. ஆசிரமத்துக்கு வந்து அறை எடுத்துத் தங்குகிறவர்களில் பலர் பத்து நாள், ஒரு மாதம் என்று மௌனம் இருப்பார்கள். சிலர் அதை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கடைக்கு வருவார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வாய்ப்புண் என்றால் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, கவனிக்க ஆளில்லை என்று அர்த்தம். மௌனம் என்றால் மரியாதை. என் வீம்புக்கு மரியாதைதான் பிடித்தது.

அடுத்த நாள் முதல் அவர் என்னிடம் பேசவில்லை. கும்பிட்டார். நான் குழாயடிக்கு வந்தால் தன் குடத்தை நகர்த்தி வழிவிட்டார். தெருவுக்கும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, எதிர்வீட்டுப் பெண்கூட என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். இருந்த ஒரு பேச்சுத் துணையையும் நானே தலையாட்டித் தொலைத்தேன்.

வைத்தியத்தை மட்டும் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதாயிற்று. துவைக்கும் கல்லுக்குப் பின்னால் மணத்தக்காளி தானாக முளைத்துக் கிடந்தது. அந்த அம்மா கோயிலுக்குப் போன பிறகு இறங்கி, நாலு இலை கிள்ளி, கழுவி, மென்று, சாற்றை அடிநாக்கில் நிறுத்திக்கொள்வேன். கசப்பு பழகிவிடும். எரிச்சல்தான் பழகாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கும்போது சத்தம் கீழே கேட்கக் கூடாதென்று வாளியில் தண்ணீரைச் சளசளவென்று ஊற்றுவேன். படுக்கும்போது ஒரு சொட்டு நெய். தேங்காய்ப்பால் நல்லது என்று தெரியும். ஆனால் ஓர் ஆளுக்காகத் துருவிக்கும் அம்மிக்கும் எங்கே போவது? தேங்காய்ச் சில்லை மென்று சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பினேன். சாப்பாடு உப்புப் போட்ட மோர்ச்சோறு. மிளகாய் இல்லை, புளி இல்லை. நாலாம் நாள் அந்த அம்மா கோயில் புளியோதரையைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, எதிரிலேயே நின்றார். ஒரு வாய் போட்டேன், கண்ணீர் கொட்டியது. பக்தி என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் எந்தக் கஷ்டமும் இல்லை. டைப் அடிக்க வாய் வேண்டாம். ஒரு வாரம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. புண்ணைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, புண் ஆறியிருந்தது. நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன், வலி இல்லை. கீழே போய்ப் பேசிவிடலாம் என்று தலை வாரிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவே மாடியேறி வந்தார். வாசற்படியில் உட்கார்ந்தார்.

"உன்கிட்டதாம்மா சொல்ல முடியும்" என்றார். "எம் பொண்ணு போன வாரம் வந்தா, வந்தானு சொல்றேனே, அதெல்லாம் பொய். அவ வந்து ஆறு வருஷம் ஆவுது. வளைகாப்புல அவ மாமியார ஒரு வார்த்தை ஜாஸ்தியா பேசிட்டேன். அதோட சரி. மாசத்துக்கு ஒரு வாட்டி பஸ் ஏறிப் போறேன். பேரப்புள்ள பள்ளிக்கூடத்துக்குப் போறத எதிர்ல நின்னு பாத்துட்டு வந்துடுவேன். அதுக்கு என்னைத் தெரியாது."

என் வாய் நன்றாக இருந்தது. ஆனால் இப்போது பேசினால் ஏமாற்றியது போலாகுமே என்ற பயத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் அழுது முடித்து, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் குழாயடியில் சொல்லிவிட்டேன். "அம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"மௌனம் முடிஞ்சிதாம்மா?"

"மௌனம் இல்லம்மா. வாய்ப்புண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். குடம் நிரம்பி வழிந்தது. அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் எங்களுக்குள் தண்ணீர் பேச்சு மட்டும்தான். வந்தது, வரவில்லை. மகள் பேச்சே இல்லை. நான் இரண்டாவது குடம் எடுத்துப்போவதை நிறுத்திவிட்டேன். மாலையில் அறைக்குத் திரும்பினால், என் குரல் இருக்கிறதா என்று பார்க்கவே சில சமயம் சுவரில் மாட்டிய காலண்டரை வாய்விட்டுப் படிப்பேன்.

அடுத்த வருடம் போளூருக்கு மாற்றல் வந்தது. பெட்டியோடு இறங்கியபோது அந்த அம்மா ஒரு பொட்டலத்தை நீட்டினார். துவைக்கும் கல்லுக்குப் பின்னால் இருந்த அந்தச் செடியில் காய்த்ததைப் பறித்து, மோரில் ஊறவைத்து, தானே காயவைத்த மணத்தக்காளி வற்றல்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தெனம் தேங்காப்பால் புழிஞ்சி குடுத்திருப்பேனே" என்றார். "எனக்கும் கைக்கு ஒரு வேலை இருந்திருக்கும்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். வாயில் புண் எதுவும் இல்லை, ஆனாலும் பேச வரவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நான் பஸ்ஸுக்குப் போனேன்.