பூட்டுக்காரரின் விரல்நுனி

“கொஞ்சம் இருங்க டீச்சர், இன்னும் பன்னெண்டு மெல்லு பாக்கி” என்று சொல்லிவிட்டு, பூட்டுக்காரர் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார். அவித்த முட்டையில் நகத்தளவு கிள்ளி வாயில் போட்டால், இருபத்தைந்து முறை மென்றுதான் விழுங்குவார். சாவி தொலைந்த விடைத்தாள் பெட்டியோடு வந்தவர் அதுவரை நிற்க வேண்டியதுதான்.

“தண்ணியாவது குடிங்களேன்.”

“ஐயோ, அது அரை மணி நேரம் கழிச்சு. உள்ள இடம் கம்மி டீச்சர். ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் அனுமதி.”

மூன்று வருடத்துக்கு முன் இவர் தன் கடைக்குள்ளேயே பக்கவாட்டில்தான் நுழைவார். இவரை உட்காரவைத்துச் சுற்றிலும் கடையைக் கட்டினார்களோ என்று தெருவே கேலி பேசும். இரைப்பையைச் சுருக்கி, குடலைக் குறுக்கு வழியில் இணைத்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆள் பாதியானார். சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்தினார். அந்தக் குஷியில் இவர் சத்து மாத்திரைகளையும் சேர்த்துக் குப்பையில் கொட்டினார். “நோயே போயிடுச்சு, மாத்திரை மட்டும் எதுக்கு?”

போன வருடம் விரல்நுனிகள் மரத்துப்போயின. இவர் என்ன சாப்பிட்டாலும் அதிலுள்ள பி12 சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஆயுள் முழுக்க வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். பூட்டுக்குள் ஐந்து சின்ன முட்கள் இருக்கும். கம்பியை விட்டு நெம்பும்போது ஒவ்வொன்றாக எழும்பும். அதை விரல்தான் சொல்லும். கண்ணை மூடியபடியே பூட்டுத் திறந்து பேர் வாங்கியவர், டார்ச் அடித்து ஓட்டைக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் பயம். ஒரு பெட்டியை உடைத்தே திறக்க வேண்டிவந்த அன்று, மனைவிக்கு முகத்தைக் காட்டாமல் அழுதார்.

இப்போது மாதாமாதம் ஊசி. மாத்திரை டப்பா மனைவியின் காவலில். தினமும் காலையில் கண்ணை மூடச் சொல்லி, இவர் விரல்களுக்கிடையில் பத்துச் சாவிகளை ஒவ்வொன்றாக வைப்பாள்.

“இது எது?”

“பீரோ சாவி.”

“தப்பு. பல்லை ஒழுங்கா தடவிப் பாருங்க. வீட்டுச் சாவியே தெரியலையாம், இவரு ஊர்ப் பூட்டைத் திறக்கப் போறாராம்!”

திட்டு வாங்குவதில் இவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். போன மாதம் பத்துக்கு மூன்று சரி. இந்த வாரம் எட்டு.

முட்டை முடிந்தது. கை துடைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொள்கிறார். மனைவி வழக்கம்போல டார்ச் பிடிக்கிறாள். இரண்டு முள் எழும்பியாயிற்று. மூன்றாவது வழுக்குகிறது. நெற்றியில் வியர்வை.

“உடைச்சாலும் பரவாயில்லைங்க” என்கிறார் டீச்சர், பாவப்பட்டு.

பூட்டுக்காரர் கம்பியை மறுபடி நெம்புகிறார். கம்பியின் அந்தப் பக்கத்திலிருந்து விரல்நுனியில் மெல்ல ஏதோ தட்டுகிறது. முழங்கையால் டார்ச்சைத் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறார்.