கல்லில் ஒட்டிய மைக்

என் அப்பாவின் தங்கையும் அவள் புருஷனும் சேர்ந்து ஒரு ராக் பாண்டு நடத்தினார்கள். அத்தை பாடுவாள், மாமா டிரம்ஸ். கிதார்காரர்கள் இரண்டு பேர் அருமனையிலிருந்து பைக்கில் வருவார்கள். காதல் பாட்டெல்லாம் கிடையாது. ராஜா காலத்தில் தலைக்கு வரி கட்டியவர்கள், கூலியில்லாமல் சுமை தூக்கியவர்கள், இவர்களைப் பற்றித்தான் அலறுவார்கள். செத்தவர்களை ஏன் இப்படிச் சத்தம் போட்டு எழுப்ப வேண்டும் என்று அப்பா கேட்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த முழுப்பரீட்சை லீவில் அத்தை சுமைதாங்கிக் கல்லைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தாள். சுசீந்திரம் தாண்டி வயலோரத்தில் அது நிற்கிறது. தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட இரண்டு கல், மேலே குறுக்காக ஒன்று. வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளின் நினைவாக அதை வைப்பது அந்தக் கால வழக்கம். கல்லில் புருஷன் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. அத்தைக்கு அதில்தான் கோபம். அவளுக்கும் அப்போது எட்டு மாதம். வயித்துப்பிள்ளைக்காரி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். மழையிலும் வெயிலிலும் சும்மா நிற்கிற கல் என்னை என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு அத்தை வேனில் ஏறினாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

கல்லின் சத்தத்தையே பாட்டில் சேர்க்க வேண்டும் என்பது மாமாவின் யோசனை. பொட்டு மாதிரி ஒட்டுகிற சின்ன மைக் ஒன்றைக் கல்லில் ஒட்டினார். உச்சிவெயில். காற்றில்லை, வயலில் ஒரு கொக்குகூட இல்லை. ஹெட்ஃபோனை மாட்டியதும் மாமாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. குதிரை ஓடுகிற மாதிரி கேட்கிறது என்றார். கிதார்காரர்களும் மாறி மாறிக் கேட்டு, ஆமாம் என்று சொல்லி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். என் முறை வந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் நல்ல காது உள்ளவர்களைத்தான் திருவனந்தபுரம் கச்சேரிக்குக் கூட்டிப்போவேன் என்று மாமா சொல்லியிருந்தார். கேட்கிறது என்றேன்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் அத்தை மைக்கைக் கல்லிலிருந்து பிய்த்தெடுத்தாள். வேனுக்குள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மைக்கைத் தன் வயிற்றில் ஒட்டி, ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு அதை என் காதில் வைத்தாள்.

"எனக்கு என் நெஞ்சு அடிக்கதுதான் கேக்குது. நீ கேட்டுச் சொல்லு மக்களே, உள்ள சத்தம் இருக்கா?"

அவள் நெற்றி வியர்த்திருந்தது. எனக்கோ இது அதே விளையாட்டுதான். கல்லில் மாதிரியே அங்கேயும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குது அத்தை. குதிரை ஓடுது."

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகு இறங்கிப்போய்ப் பொழுது சாயும்வரை பாடினாள். அவள் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்பினாள். கல்லுக்குப் போவதற்கு முந்தின ராத்திரியிலிருந்தே பிள்ளை அசையவில்லையாம். நேற்று மதியமே வந்திருக்கலாமே என்று டாக்டர் திட்டினாராம். எல்லாம் அந்தக் கல்லின் வேலை என்று அம்மா இன்றுவரை சொல்கிறாள். பாவம் கல். நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

பாட்டு வெளிவந்து பெயரும் எடுத்தது. அத்தை இப்போதும் அதை மேடையில் பாடுகிறாள். நான் முன்வரிசையில் உட்காருவதில்லை. அன்று சொன்னது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். அத்தை எதைக் கேட்கிறாள் என்பதுதான் தெரியாமல் போயிற்று.