மாடிக்கு ஏறிய அனல்

பேறுகால அறையையும் சமையலடுப்பையும் ஒரே குழாயால் இணைத்து ஆசாரத்தைக் கெடுத்த குடும்பம் என்று எங்களைப் பற்றி மோகனூர்ப் பக்கம் நெடுநாள் ஒரு பேச்சு உலவியது. குழாய் இணைத்தது உண்மை. நேரில் கண்டவர்களில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஐப்பசி அடைமழையில், தாய்வீட்டுக்குப் புறப்படுமுன்பே, ஏழாம் மாதத்தில் சித்திக்குக் குழந்தை பிறந்துவிட்டது. கீழறைச் சுவர்களெல்லாம் ஓதம் ஏறியிருந்ததால் தாயையும் சேயையும் மாடியறையில் கிடத்தினார்கள். குழந்தையின் கால் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. கதகதப்பு இல்லாவிட்டால் பிழைக்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். நெருப்புச் சட்டி வைத்தாலோ, புகையில் அதற்கு மூச்சு முட்டியது.

சித்தப்பா கரும்பாலை அடுப்பில் அனல் ஓடும் விதம் அறிந்தவர். சமையலடுப்பின் பின்புறம் துளையிட்டு, தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச வாங்கியிருந்த சுட்ட மண்குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, மாடியறை வழியாகக் கூரைக்கு வெளியே விடுவதாகச் சொன்னார். அடுப்பின் வாயைப் பானையால் மூடிவிட்டால் புகை குழாய்க்குள்ளேயே போய்விடும். குழாயின் சூடு மட்டும் அறையில் தங்கும்.

எதிர்த்தவர் அத்தை. அப்பாவின் அக்கா, கணவரை இழந்து எங்களுடன் இருந்தவர். குளிக்காமல் எவரும் அவருடைய அடுப்பை நெருங்க முடியாது.

"பொறந்த தீட்டு குழாய்ல எறங்கி என்ற சோத்துல உழுகட்டும்னு பாக்கறயா?"

"சூடு மேலதானுங்க அக்கா போகும். தீட்டு கீழ எறங்க வழியில்லீங்க."

"அது உனக்குத் தெரியும். சாமிக்குத் தெரியோணுமே."

மறுநாள் சித்தப்பா குழாயைப் பொருத்தத் தொடங்கியதும், அத்தை தம் வெண்கலப் பானையை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய், மூன்று கற்களைக் கூட்டித் தனி அடுப்பு வைத்துவிட்டார். சித்தப்பா வென்றார் என்று நான் மகிழ்ந்தேன்.

அன்று மாலை மாடியறையில் அந்தக் குழாயைத் தொட்டேன். தீயில்லை, புகையில்லை, ஆயினும் பசுவின் விலாவைத் தொட்டதுபோல் மண் உயிரோடு சுட்டது. கீழே எரியும் கருவேலங்கட்டை, கண்ணில் படாமல் சுவரேறி வந்து நிற்பதாகத் தோன்றியது. பிற்காலத்தில் கல்லூரியில் வெப்பம் பரவும் முறைகளைப் பிழையின்றி எழுதி முதல் மதிப்பெண் பெற்றேன். அந்த வியப்பு எந்த விடைத்தாளிலும் அடங்கவில்லை. மூன்றாம் நாள் குழந்தையின் அழுகை முதன்முறையாகக் கீழ்வரை கேட்டது.

குழாய் இணைத்த அடுப்பு முப்பது நாளுக்கு அணையவே கூடாது. பகலில் அம்மா பார்த்துக்கொண்டார். இரவில் யார் பார்த்தார்கள் என்று நான் கேட்டதில்லை. விடியலில் நான் எழுந்து வரும்போதெல்லாம் அதன் முன் அத்தை அமர்ந்திருப்பார். அம்மா வந்ததும் எழுந்து, கிணற்றடியில் மழையோடு மழையாகத் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையுடன் கொட்டகையில் தமக்கான ஒருவேளைச் சோற்றைப் பொங்குவார்.

எழுவதற்குமுன் என்னை அனுப்புவார்.

"மேல போயி, குழா சுடுதான்னு தொட்டுப் பாத்துட்டு வா சாமி."

சித்தப்பாவின் கருவி எப்போது தோற்கும் என்று வேவு பார்க்கிறார் என்றே நம்பினேன். ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வந்து, நன்றாகவே சுடுகிறது என்று சற்றுக் குத்தலாகச் சொல்வேன். அவர் இன்னொரு கட்டையை உள்ளே தள்ளுவார். தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாத பிடிவாதம் என்று அந்த முப்பது நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.