ஏரி மீன் வந்த ஞாயிறு

எங்கள் குப்பத்தில் ஏரி மீனை யாரும் மீன் என்று ஒப்புக்கொண்டதில்லை. சேற்றைத் தின்று சேறாகவே மணக்கிற ஒன்றைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறவர்களும் உண்டு என்று சொன்னால், பாவம் என்பார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருந்த ஊர் அது. எனக்கு அப்போது ஏழு வயது. எனக்கும் அதே கொள்கைதான். இந்தக் கொள்கையோடுதான் என் மாமா மதுராந்தகத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார்.

மாமா, அம்மாவின் தம்பி. கட்டுமரத்தில் போகிறவர். தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். அத்தையும் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் அவளுடைய அப்பா சின்ன வயதிலேயே கடலை விட்டுப் போய், மதுராந்தகம் ஏரிக்கரையோரம் மளிகைக் கடை வைத்துவிட்டார். விராலும் கெண்டையும் தின்று வளர்ந்தவளுக்குக் கடல் மீன் வாடையே ஆகவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்க ஆரம்பித்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

மற்ற நாட்களை எப்படியோ தள்ளினாள். ஞாயிறுதான் வினை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு அங்கே கம்பி கட்டுகிற வேலை. வாரத்தில் அந்த ஒருநாள்தான் அவர் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் உட்காருவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா ஒரு கை பார்த்துவிடுவாள். சங்கரா மீன் குழம்பு, சுறாப் புட்டு, நெத்திலி வறுவல் என்று தெருவே மணக்கும். அத்தை ரசத்தை ஊற்றி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையெல்லாம் இரண்டே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது.

ஆடி பிறக்க இருந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டார் அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். திங்கட்கிழமை வருவதாக அத்தையின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அம்மாவும் நானும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அத்தை மாமாவிடம் சொல்லிவிட்டாள்.

“நான் ஆடிக்குப் போனா போனதுதான். என்னால இந்த வாடையில இருக்க முடில. நீங்க கூப்புட வராதீங்க.”

மாமா கடலோடு மல்லுக்கு நிற்பாரே தவிர, மனிதர்களிடம் சண்டை போடத் தெரியாதவர். அம்மாதான் அன்று சோறு தின்னாமல் அழுதாள். அத்தை நல்லவள்தான், தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிறவள். ஆனாலும் எனக்கு மாமா என்றால் உயிர். அவரை விட்டுப் போகிறேன் என்று சொன்னவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மாமாவைக் காணவில்லை. ஞாயிறு காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, துண்டு போட்டு மூடிய பெரிய தூக்கோடு வந்தார். வழியில் கேட்டவர்களிடம் மண்ணெண்ணெய் என்று சொன்னாராம். மண்ணெண்ணெய் உள்ளேயிருந்து மூடியை இடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, விராலு. அவளுக்குத் தெரியாம ஆக்கிடு. சோத்துல பாக்கட்டும்” என்றார் அம்மாவிடம். ஏரி மீன் வாங்க ஒரு கட்டுமரக்காரர் இரண்டு பஸ் மாறிப் போய்வருவது எங்கள் குப்பத்தில் அதுவரை நடக்காத காரியம். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். அம்மா கொல்லைப் படலைச் சாத்திவிட்டு அரிவாள்மணையோடு உட்கார்ந்தாள்.

வஞ்சிரமானாலும் சுறாவானாலும் அம்மா கண் மூடித் திறப்பதற்குள் ஆய்ந்துவிடுவாள். ஆனால் அவள் கைக்கு வந்த மீனெல்லாம் செத்த மீன். கடல் மீன் கரைக்கு வருவதற்குள் அடங்கிவிடும். விரால் பஸ்ஸேறி வந்தும் உயிரோடு இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வழக்கம்போல வாலைப் பிடித்துத் தூக்கினாள். அது அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு மணலில் குதித்தது.

“அய்யய்யோ, உசுரோட கீதுடா!”

பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு படலுக்கு அடியில் புகுந்து தெருவுக்கே போய்விட்டது. அதன் பின்னால் மாமா, மாமாவின் பின்னால் நாய், நாயின் பின்னால் நான். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

“இன்னா மச்சான், கடல்ல மீன் தீந்துபோச்சா?” என்றார் ஒருவர்.

“மண்ணெண்ணெய்க்கு வாலு மொளச்சிகீதுபா” என்றார் இன்னொருவர்.

மணலில் முட்டி போட்டிருந்த மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அத்தை வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முறம் நிறைய அடுப்புச் சாம்பலோடு வந்தாள். சாம்பலை மீன்மேல் கொட்டினாள். செவுளுக்குக் கீழே ஒரே பிடி. மீன் அடங்கிவிட்டது, தெருவும் அடங்கிவிட்டது.

“சாம்பல் போடாம புடிச்சா கைல நிக்காது அண்ணி” என்றாள் அம்மாவிடம். இரண்டு மாதத்தில் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று சமையல் முழுக்க அத்தை கையில்தான். கல்லில் உப்புப் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுத்தாள். புளியைக் கரைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, மாங்காய் நறுக்கிப் போட்டுக் குழம்பைக் கொதிக்க விட்டாள். இந்தத் தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனது அம்மா.

அப்பா ஒரு வாய் வைத்தார். “வயிறு ஒரு மாதிரி கீது” என்று ரசத்துக்குத் தாவிவிட்டார். நான் மாங்காயை மட்டும் சப்பினேன். மாமாவோ தட்டிலிருந்து தலையை எடுக்காமல் தின்றார்.

“இன்னொரு துண்டு போடு” என்றார். அத்தை போட்டாள். “தல யாருக்கு? எனக்கே போடு” என்றார். அதையும் போட்டாள். அத்தையின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

கை கழுவப் போன மாமா கிணற்றடியில் நிற்கவில்லை. நேரே கடற்கரைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கரையேற்றி வைத்த கட்டுமரத்துக்கு அந்தப் பக்கம் குனிந்து, தின்றது மொத்தத்தையும் வாந்தியெடுத்தார். பிறகு முழங்கால் தண்ணீரில் நின்று, உப்புத் தண்ணீரை அள்ளி அள்ளி வாய் கொப்பளித்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“ஆராண்டயும் சொல்லாத இன்னா?” என்றார் என்னைப் பார்த்து. சரியென்று தலையாட்டினேன். ஆட்டிய வேகத்திலேயே வீட்டுக்கு ஓடினேன். மாமாவை இப்படிப் படுத்தியவளைச் சும்மா விடக்கூடாது.

அத்தை அப்போதுதான் தட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீ ஆக்குன மீனை மாமா பூரா வாந்தி எடுத்துட்டாரு” என்றேன்.

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. “தலயக்கூட கேட்டு வாங்கித் தின்னாரே?”

“அதையும்தான். அப்பறம் கடல் தண்ணில வாய் கொப்புளிச்சாரு.”

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “எப்டி எடுத்தாரு? இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள். குனிந்து நடித்தே காட்டினேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். மாமா அவ்வளவு அவதிப்பட்டது அவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை அவள் அப்பா வந்தார். பஸ் ஏறும்போது அத்தை மாமாவிடம், “ஆடி முடிஞ்சதும் நானே வந்துடறன். நீங்க ஏரிப் பக்கமே தல காட்டக் கூடாது” என்றாள். அது மிரட்டல் என்றே நினைத்தேன். சொன்னபடி, ஆவணி பிறந்த மறுநாளே யாரும் கூப்பிடாமல் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மாமாவை மறுபடியும் வாந்தியெடுக்க வைக்கத்தான் இவ்வளவு அவசரமாக வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அதனால் அந்த ஆவணி முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சாப்பாட்டு வேளையில் மாமாவை ஒட்டிக் காவலுக்கு உட்கார்ந்தேன். அத்தை அவர் தட்டில் எதைப் போட்டாலும் முதலில் நான் எடுத்து மோந்து பார்ப்பேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எதற்காக அப்படிச் சிரிக்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவே இல்லை.