பொடியும் நடையும் பெரியப்பாவும்

செல்வி, முருகா... போன வாரம் பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "வாக்கிங் போனா நல்லதுன்னுதானப்பா சொல்றாக, பெறகு பெரியப்பா ஏன் விழுந்தாக?" என்று கேட்டீர்கள். பஸ் இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். வாராவாரம் படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

ராயப்பன்பட்டி ரோட்டில் விடியற்காலையில் நடக்கிற எங்கள் கூட்டத்தை உங்களுக்குத் தெரியும். ஏலக்காய் வியாபாரி ஒருவர்தான் தலைவர் — நடைக்கு மட்டுமல்ல, மருந்துக்கும். சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் பொடி, ரத்தக் குழாய்க்கு மருதம்பட்டைக் கஷாயம். இரண்டையும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வேகமாக நடந்தால் வாலிபம் திரும்புமாம். இனிப்பைத் தொட்டால் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கம். திராட்சையும் அதில் சேர்த்தி. ரோட்டின் இரண்டு பக்கமும் பந்தல் பந்தலாகப் பழம் தொங்குகிற ஊரில் இப்படி ஒரு சட்டம்!

உங்கள் பெரியப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். சுகர் மாத்திரையையும் போட்டார், பொடியையும் தின்றார். கசக்கிறதா? அப்படியானால் நல்லது என்று இன்னொரு ஸ்பூன். டாக்டரிடம் சொன்னாரா? டாக்டர் எதற்கு, தலைவர் இருக்கும்போது?

அன்றைக்கு நல்ல மார்கழிப் பனி. அந்தக் குளிரிலும் சட்டை நனைய வேர்த்து, கை நடுங்கி, ரோட்டோரம் சரிந்து விழுந்து உட்கார்ந்துவிட்டார்.

உடனே சுற்றி நின்று வைத்தியம் தொடங்கினார்கள். கழிவு வெளியேறுகிறது என்றார் ஒருவர். மருதம்பட்டை போதவில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன் ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி அவர் கையில் மாட்டி, எத்தனை அடி நடந்திருக்கிறார் என்று பார்த்தார். பொடி வேலை செய்கிறது என்று தலைவருக்கு ஒரே சந்தோஷம். நிஜம்தான் பிள்ளைகளா... செய்துகொண்டுதான் இருந்தது.

பெரியப்பா என் கையைப் பிடித்தார். "ஏலே தம்பி... வேர்த்து நடுங்குனா இனிப்பு தின்னுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. ஏதாச்சும் குடுடா. கண்ணு இருட்டுது."

எல்லாரும் பையைத் தடவினோம். எல்லார் பையிலும் பொடி.

பக்கத்துத் தோட்டத்தில் நுழைந்து ஒரு கொத்துத் திராட்சையைப் பறித்து வந்தேன். தலைவர் குறுக்கே நின்றார்.

"சுகர்காரனுக்குத் திராட்சையா? கூடப் பெறந்தவனே கொல்லப் பாக்குறியேப்பா."

"தள்ளுங்கண்ணே. செத்தா எங்கண்ணந்தேன் சாகும், ஒங்க குரூப்பு சாகாது."

ஒவ்வொன்றாக ஊட்டினேன். மென்று விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. வாயைத் திறந்து முதலில் சொன்னது — "குரூப்புல போட்றாதீகப்பா."

அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரை, பொடி, வெறும் வயிறு, வேக நடை எல்லாம் சேர்ந்து சர்க்கரையைப் பாதாளத்துக்கு இழுத்துவிட்டதாம். நடையை நிறுத்த வேண்டாம்; பொடி தின்பதென்றால் முன்பே தன்னிடம் கேட்க வேண்டும் என்றார். செடியில் விளைந்தது என்பதற்காக மருந்து சும்மா இருக்குமா?

தின்கிற பொடியை டாக்டரிடம் மறைக்கிறோம். தின்ற பழத்தைக் கூட்டாளிகளிடம் மறைக்கிறோம். அப்புறம் ஆரோக்கியம் எங்கிருந்து வரும்?

தலைவர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். பெரியப்பா பிழைத்ததைச் சொல்லி, இப்போது குரூப்பில் திராட்சை விதைப் பொடியைச் சிபாரிசு செய்கிறார்.

பெரியப்பா விழுந்ததற்கு மறுநாள் விடியலில் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் அடுப்படிக்குப் போய், ஒரு கை கல்கண்டை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பினேன்.

எனக்குச் சுகர் இல்லை. அந்த ரோட்டில் பாதிப் பேருக்கு இருக்கிறது.